கதவில் ஒட்டிய ஒன்றும் அசனத்தில் ஆறிய கறியும்

1

நீலச் சேலை கட்டிய ஒரு பெண் கறிப் பாத்திரத்துக்குள் நீளமான ஊசி ஒன்றைச் செருகிப் பார்த்துவிட்டு, பரிமாற வந்தவர்களைப் பார்த்து, "வெளம்பாதீங்க! ஒருத்தரும் வெளம்பாதீங்க!" என்று கத்துகிற வீடியோ உங்கள் போனுக்கும் வந்திருக்கும். யாரோ ஒரு புண்ணியவான் அதற்கு அடியில் சண்டைக்காட்சி இசை வேறு சேர்த்திருக்கிறான். அந்தப் பெண் நான்தான். பெயர் செலின். முட்டத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கடற்கரை ஊரில் பிறந்தவள். ஊர்ப் பெயரை இங்கே எழுத மாட்டேன். எழுதினால் இருக்கிற சண்டை போதாதென்று இன்னொன்று வரும்.

பதினெட்டு வருஷமாக வேல்ஸில் இருக்கிறேன். என் வீட்டுக்காரர் டவுன் பஸ் ஓட்டுகிறார். நான் ஐந்து மேசை போட்ட ஒரு சாப்பாட்டுக் கடை நடத்துகிறேன். ஒரே மகள் நிஷா கல்லூரியில் படிக்கிறாள்.

வீடியோவைப் பார்த்துவிட்டு, "உனக்குக் கிறுக்கு பிடிச்சிட்டா பிள்ள?" என்று கேட்டவர்கள் பாதிப் பேர். "நல்லா குடுத்தே" என்று எழுதியவர்கள் மீதிப் பேர். இரண்டு கூட்டத்துக்கும் பாதிக் கதைதான் தெரியும். அதனால் முழுசாக எழுதுகிறேன். படித்து முடித்துவிட்டு என்னையும் ஜெரால்டையும் சேர்த்துவைக்க யாரும் புறப்பட வேண்டாம். அந்த வேலை நடக்காது.

2

என் கடைக்கு நல்ல பெயர் வாங்கித் தந்தது எங்கள் பக்கத்துப் புளிமுளம்தான். தண்ணீர் விடாத கெட்டி மீன்கறி. இன்றைக்கு வைத்தால் நாளைக்குத்தான் அது கறி. புளியும் காரமும் மீனுக்குள் இறங்க ஒரு ராத்திரி வேண்டும். கேரளத்து நர்ஸ்மார், நம் ஊர்ப் பையன்மார், இப்போது இந்த ஊர்க் கிழவர் சிலர்கூட அதற்காகவே வருகிறார்கள்.

போன வருஷம் ஒரு காலையில் கவுன்சிலிலிருந்து சுகாதார ஆய்வாளர் வந்தார். சொல்லிக்கொண்டு வருவதில்லை அவர்கள். மெல்லிய குரலில் பேசுகிற உயரமான பெண். வெள்ளை அங்கியை மாட்டிக்கொண்டு நேராக அடுப்படிக்கு வந்தார். அடுப்பின்மேல் பெரிய மண்சட்டி மூடியபடி இருந்தது.

"இது எப்போது சமைத்தது?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"யெஸ்டர்டே" என்றேன், பெருமையாக. "டுடே மோர் டேஸ்ட்."

"இரவு முழுவதும் எங்கே இருந்தது?"

"ஹியர்" என்று அடுப்பைக் காட்டினேன்.

"குளிர்பெட்டியில் வைக்கவில்லையா?"

"நோ, நோ. இன் ஃபிரிட்ஜ் இட் டைஸ்."

அவர் பேனாவை நிறுத்தினார். "எது சாகும்?"

ருசி என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். ஒரு நிமிஷம் முன்னால் வாயில் இருந்த டேஸ்ட் என்ற சொல் எங்கேயோ போய்விட்டது. பதற்றத்தில், "ஃபிஷ்" என்றேன்.

அவர் எழுத ஆரம்பித்தார். நிறைய எழுதினார். கைகழுவும் தொட்டிக்கு முன்னால் வெங்காய மூட்டை கிடந்தது. கறி எத்தனை டிகிரியில் வெந்தது, எப்போது ஆறியது என்று எழுதிவைக்கிற பழக்கம் எனக்கு இல்லை. நான் கறிக்கு முன்னால் நிற்கிறேன், எனக்குத் தெரியாதா என்று நினைத்திருந்தேன். ஊரில் யார் கறிக்குக் குறிப்பு எழுதுகிறார்கள்?

இரண்டு வாரத்துக்குள் தபால் வந்தது. ஐந்துக்கு ஒன்று. கூடவே பச்சையும் கறுப்புமாக ஒரு ஸ்டிக்கர். இங்கே பூஜ்யத்திலிருந்து ஐந்துவரை மார்க் உண்டு. இங்கிலாந்தில் கடைக்காரர் விரும்பினால் ஒட்டலாம். வேல்ஸில் அப்படி இல்லை, வாசலில் ஒட்டியே ஆகவேண்டும், ஒட்டாவிட்டால் குற்றம். அதுவும் வெல்ஷ், ஆங்கிலம் என்று இரண்டு மொழியில். எனக்கு ஒழுங்காகத் தெரியாத இரண்டு மொழியிலும் என் கடை அழுக்கு என்று ஒட்டிவைக்க வேண்டும்.

3

தபாலை நிஷாதான் வாசித்தாள். அவளுக்கு இரண்டு மொழியும் தெரியும். தமிழ்தான் கம்பு ஊன்றி நடக்கும்.

"மூணு வழி இருக்கு அம்மா" என்றாள். "மார்க் தப்புன்னா மூணு வாரத்துக்குள்ள அப்பீல் பண்ணலாம். இல்லன்னா நம்ம பக்கத்தை எழுதிக் குடுக்கலாம், அதை அவங்க வெப்சைட்ல மார்க்குக்குக் கீழே போடுவாங்க. இல்லன்னா எல்லாத்தையும் சரிபண்ணிட்டு, காசு கட்டி, திரும்ப வந்து பாருங்கன்னு கேக்கலாம்."

"அப்பீல் பண்ணு" என்றேன்.

"என்னன்னு பண்ண? அவங்க எழுதினதுல எது பொய்?"

எதுவும் பொய் இல்லை. சட்டி அடுப்பில்தான் இருந்தது. மூட்டை தொட்டிக்கு முன்னால்தான் கிடந்தது. வெறும் ஆத்திரத்தை வைத்து அப்பீல் செய்ய முடியாது என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

"அப்போ நம்ம பக்கத்தை எழுது. நான் சொல்லுதேன்."

சொன்னேன். கடலோரத்தில் பிறந்தவளுக்கு மீனைப் பற்றிச் சொல்லித்தர வந்தீர்களா என்று தொடங்கி, இத்தனை வருஷத்தில் என் கறி தின்று ஒருத்தன் வயிற்றைப் பிடித்தானா என்று நடுவில் கேட்டு, கடவுள் உங்களைக் கேட்பார் என்று முடித்தேன். நிஷா தட்டிக்கொண்டே இருந்தாள். கடைசியில் வாசித்துக் காட்டினாள். ஆய்வாளரின் கருத்துகளை நாங்கள் மிகுந்த அக்கறையோடு ஏற்கிறோம், புதிய குளிர்பெட்டி வாங்கியிருக்கிறோம், பணியாளர்களுக்குப் பயிற்சி அளிக்கிறோம் என்று நாலே வரி.

"இதுல என் கோவம் எங்க?"

"கோவத்துக்கு இதுல கட்டம் இல்ல அம்மா."

அவள் என் கடையில் சாப்பிட்டே வருஷக்கணக்காகிறது. மீன்வாடை கோட்டில் ஒட்டிக்கொள்கிறது என்பாள். கல்லூரித் தோழிகளைக் கூட்டிக்கொண்டு அந்தத் தெருவழியாக வரும்போது எதிர்ச்சாரியில் நடப்பாள். ஸ்டிக்கர் ஒட்டிய பிறகு அந்தத் தெருவிலேயே நடப்பதை விட்டுவிட்டாள். அவளைத் திட்டவில்லை. அந்தக் கதவைத் திறக்க எனக்கே கை கூசியது.

4

இனி ஜெரால்டு. என் சித்தி மகன். எனக்குப் பதினோரு வயது இளையவன். படிப்பு விசாவில் இந்த நாட்டுக்கு வந்தவனை எங்கள் வீட்டு மாடி அறையில் வைத்துச் சோறு போட்டோம். நாலு வருஷம் என் அடுப்படியில் நின்றான். புளி எந்தப் பதத்தில் கரைக்க வேண்டும், மீன் எப்போது போடவேண்டும் என்று எல்லாம் என் பக்கத்தில் நின்று படித்தான். பிறகு அடுத்த தெருவில் தனிக்கடை போட்டான். போடட்டும். பிழைக்க வந்தவன்தானே என்று நான்தான் அடுப்புப் பற்றவைத்துக் கொடுத்தேன். புதுக் கட்டடம், புது அடுப்படி. அவனுக்கு ஐந்து கிடைத்தது.

என் கதவில் ஒன்று ஒட்டிய மறுநாள், ஊர்க்காரர் வாட்ஸாப் குழுவில் ஒரு படம் வந்தது. இடதுபக்கம் என் கதவு, வலதுபக்கம் அவன் கதவு. கீழே, 'நம்ம ஊரு ஒன்றும் நம்ம ஊரு ஐந்தும்' என்று எழுதி, சிரிக்கிற மூஞ்சிகள். உலகத்தில் எங்கெல்லாம் எங்கள் ஊர்க்காரன் இருக்கிறானோ அங்கெல்லாம் அது போயிற்று. மஸ்கட்டிலிருந்து சிரித்தான், தோஹாவிலிருந்து சிரித்தான், கப்பலில் இருக்கிறவன் சிக்னல் கிடைத்ததும் சிரித்தான்.

ஏப்ரனைக் கழற்றாமல் நேரே அவன் கடைக்கு நடந்தேன்.

"என்னலே செஞ்சு வச்சிருக்க?"

அவன் பாத்திரம் துடைப்பதை நிறுத்தவில்லை. "அக்கா, எல்லாரும் பாக்கத்தானே கவுன்சில் கதவுல ஒட்டச் சொல்லுது? நான் பாத்தேன். படம் எடுத்தேன். அது பப்ளிக் இன்பர்மேஷன் அக்கா."

"நீ என் சித்தி மகன்லே."

"அதுக்கும் இதுக்கும் என்ன அக்கா? யாவாரம் வேற."

அதைச் சொல்லிவிட்டுச் சிரித்தான் பாருங்கள், அந்தச் சிரிப்பை நான் மறக்கவில்லை. மறக்கிற உத்தேசமும் இல்லை.

அத்தோடு போயிருந்தால்கூட ஒருவேளை விட்டிருப்பேன். என் அண்ணன் சேவியரின் மகளுக்குக் குலசேகரத்தில் மாப்பிள்ளை பார்த்திருந்தது. ரப்பர் யாவாரக் குடும்பம், நல்ல மனிதர்கள். அவள் பிறந்த அன்றே, இவள் கல்யாண வீட்டுக்கு மீன்கறி நான்தான் வைப்பேன் என்று அண்ணனிடம் சொல்லியிருந்தேன். டிக்கெட்டும் போட்டாயிற்று. கல்யாணத்துக்கு ஒரு மாதம் இருக்கும்போது அண்ணன் போன் செய்தான். குரல் சரியில்லை.

"ஏட்டி, ஒரு காரியம். மாப்பிள்ள வீட்டுக்காரவ அந்தப் படத்தப் பாத்திருக்காவ."

"அதுக்கு?"

"மீன்கறி மட்டும் உங்க தங்கச்சி கை படாம பாத்துக்கிடுங்கன்னு சொல்லுதாவ. பெரிய இடத்து ஆளுவ வருதாவளாம். நான் என்ன சொல்ல முடியும், நீயே சொல்லு."

"நீ என்ன சொன்ன?"

பெண்ணைப் பெற்றவன் என்ன சொல்லியிருப்பான்?

நான் கல்யாணத்துக்குப் போகவில்லை. கடையில் ஆள் இல்லை என்று சொல்லி, பட்டுச் சேலை ஒன்றை மட்டும் அனுப்பினேன். அண்ணன் மகள் மண்டபத்தில் மோதிரம் மாற்றுவதை, அடுப்படியில் வெங்காயம் உரித்துக்கொண்டு போனில் பார்த்தேன். பந்தியைக் காட்டினார்கள். கல்யாணத்துக்கென்று ஊருக்குப் போயிருந்த ஜெரால்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மீன்கறி விளம்பிக்கொண்டிருந்தான். யாரோ அவனிடம், "லண்டன்காரனே, இங்கயும் கொஞ்சம் ஊத்து" என்று கேட்டார்கள். அவன் அதே சிரிப்பைச் சிரித்தான்.

அன்றைக்கு முடிவு செய்தேன். இவனை விடக்கூடாது.

5

பழிவாங்கும் எண்ணம் ஒரு மனுஷியை எவ்வளவு சுத்தமாக வைத்திருக்கும் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அடுப்படி ஓடுகளின் இடுக்கை எல்லாம் பல்துலக்கும் பிரஷால் தேய்த்தேன். ஒவ்வொரு தேய்ப்புக்கும் ஒரு முகம் கண்ணுக்குள் வந்தது. வெங்காய மூட்டைக்குத் தனி அலமாரி. பச்சை மீனுக்கு ஒரு பலகை, வெந்ததற்கு ஒரு பலகை. கறியை இறக்கியதும் தட்டையான ட்ரேக்களில் பிரித்து ஊற்றி, ஐஸ் தண்ணீரில் வைத்து, ஒன்றரை மணி நேரத்துக்குள் குளிர்பெட்டிக்குள் தள்ளக் கற்றுக்கொண்டேன். மறுநாள் எடுத்துக் கொதிக்கவைத்துத் தின்று பார்த்தேன். அதே ருசி. எதுவும் சாகவில்லை. இதை ஜெரால்டிடம் மட்டும் யாரும் சொல்லிவிடாதீர்கள்.

கூடவே ஒரு தெர்மாமீட்டர் வாங்கினேன். ஊசி மாதிரி நீளமான முனை, மேலே எண் தெரிகிற சின்னத் திரை. சூடாக விளம்புகிற சாப்பாடு அறுபத்துமூன்று டிகிரிக்குக் கீழே போகக்கூடாது என்பது இந்த நாட்டுச் சட்டம். எதில் வேண்டுமானாலும் அதைக் குத்திப் பார்க்கிற வியாதி எனக்கு வந்துவிட்டது. வீட்டில் அவர் காப்பியில்கூடக் குத்தினேன். "என்னையும் ஒருநாள் குத்திப் பாத்திருவே போல" என்றார்.

காசு கட்டி மறு ஆய்வு கேட்டோம். அதே உயரமான பெண்தான் வந்தார், அதே மாதிரி சொல்லாமல். எல்லா இடத்தையும் பார்த்தார். நான் எழுதிவைத்திருந்த வெப்பநிலைக் குறிப்புகளைப் புரட்டினார். போகும்போது, "ஃபிரிட்ஜில் எதுவும் செத்துப்போகவில்லையே?" என்று கேட்டார். அவர் சிரித்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன். ஐந்து வந்தது.

ஒன்றைச் சுரண்டி எடுத்துவிட்டு ஐந்தை ஒட்டி, அதற்குப் பக்கத்தில் நின்று நிஷாவைப் படம் எடுக்கச் சொல்லி, ஊர்க் குழுவில் போட்டேன். மூன்று பேர் கட்டைவிரலைத் தூக்கினார்கள். அதில் ஒருவர் என் கணவர். ஒன்றுக்குச் சிரித்த நூற்றுக்கணக்கானவர்களில் ஒருத்தருக்கும் ஐந்தைப் பார்க்க நேரமில்லை. அண்ணன் பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போகிற பாதையில் சின்னச் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறான். அங்கே வருகிற நம் ஆட்கள் அப்போதும் கேலியாக, "ஒண்ணாம் நம்பர் கறி ஒரு பிளேட்" என்றுதான் கேட்டுக்கொண்டிருந்தார்களாம்.

ஐந்து எனக்குப் போதவில்லை என்பது அதற்குப் பிறகுதான் உறைத்தது.

6

இந்த வருஷம் திருவிழாவுக்கு ஊருக்குப் போனேன். நிஷாவையும் இழுத்துக்கொண்டு போனேன். போய் என்ன செய்வேன் என்று எனக்கே தெரியாது. நல்ல சேலை கட்டி எல்லார் முன்னாலும் நடக்க வேண்டும், யாராவது ஒன்று என்று வாயெடுத்தால் பதில் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான் யோசனை.

சிலுவை நிற்கிற குருசடி முக்கில் வண்டி திரும்பியதும் முதலில் கண்ணில் பட்டது ஒரு பிளெக்ஸ். மேலே புனிதர், கீழே கோட்டுப் போட்ட ஜெரால்டு. 'அசன உபயம்: லண்டன் தொழிலதிபர்.' லண்டனுக்கும் நாங்கள் இருக்கிற ஊருக்கும் நடுவில், நாகர்கோவிலுக்கும் மதுரைக்கும் உள்ள தூரம் இருக்கும். அது போகட்டும். அவன் தோளுக்குப் பக்கத்தில், உள்ளங்கை அகலத்தில் இல்லை, சைக்கிள் சக்கரம் அகலத்தில், பச்சையும் கறுப்புமாக அந்த ஐந்து.

அசனம் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. திருவிழாவின் கடைசி நாள் ஊர் முழுக்கச் சேர்ந்து உண்கிற கோவில் சாப்பாடு அது. முந்தின ராத்திரியே ஆண்கள் கோவில் பின்னால் அடுப்பு வெட்டி, வார்ப்பு என்கிற பெரிய வெண்கலப் பாத்திரங்களில் சமைப்பார்கள். அண்ணன் சேவியர்தான் வருஷாவருஷம் அதற்குப் பொறுப்பு. இந்த வருஷம் ஜெரால்டு, புகையும் சாம்பலும் வேண்டாம், ஸ்டாண்டர்டாகச் செய்வோம் என்று சொல்லி, குலசேகரத்தில் ஒரு சமையல் கான்ட்ராக்டரிடம் கோழிக்கறியை ஒப்படைத்திருந்தான். அண்ணனுக்கு இலை போடுகிற வேலை மட்டும்.

வேன் வரத் தாமதமாயிற்று. சப்பரம் போய்க்கொண்டிருந்ததால் வழியில் நிறுத்திவிட்டார்களாம். உச்சிவெயிலில் பந்தல் நிறைந்துவிட்டது. ஒருவழியாக வேன் வந்து, பாத்திரங்களை இறக்கி, குருமார்களுக்கும் பெரிய ஆட்களுக்கும் முதலில் மேசை போட்டு விளம்பினார்கள். நான் பெண்கள் வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். பக்கத்திலேயே ஒரு பாத்திரத்தின் மூடியைத் திறந்தார்கள். ஆவி வரவில்லை. மேலே எண்ணெய் ஆடையாகத் திரண்டிருந்தது.

கைப்பையில் தெர்மாமீட்டர் இருந்தது. அது இல்லாமல் நான் எங்கும் போவதில்லை. எடுத்துச் செருகினேன். எண் ஏறியது, ஏறி நின்றது. முப்பத்தொன்பது. நம் உடம்புச் சூட்டைவிட இரண்டு டிகிரி கூடுதல். அடுத்த பாத்திரம், நாற்பத்தொன்று.

பழைய கோபம் கால் விரலிலிருந்து மேலே ஏறி வந்ததை நான் உணர்ந்தேன். அதோடு சந்தோஷமும் வந்தது. மறைக்க மாட்டேன்.

"வெளம்பாதீங்க! ஒருத்தரும் வெளம்பாதீங்க!"

நிஷா என் முழங்கையைப் பிடித்தாள். "அம்மா, ப்ளீஸ். நீ ஆளுங்களுக்காகப் பண்றியா, அவருக்காகப் பண்றியா?"

"ரெண்டுக்கும்தான்" என்றேன்.

ஜெரால்டு ஓடிவந்தான். தங்கச் சங்கிலி வேர்வையில் ஒட்டியிருந்தது. குனிந்து, காதோடு பேசினான். "அக்கா, என்ன செய்யுதீங்க? மெதுவா பேசுங்க. என்னன்னாலும் தனியா வந்து சொல்லுங்க."

"எதுக்கு மக்கா தனியா? எல்லாரும் பாக்கத்தானே." தெர்மாமீட்டரைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தேன். "இன்னா பாருங்க, முப்பத்தொன்பது! காலம்பற வச்ச கோழிக்கறி, இந்த வெயில்ல வேனுக்குள்ள கெடந்து ஆறிப்போச்சு. இவன் கடையில இப்படி வச்சா கவுன்சில்காரன் இவனுக்கு அஞ்சு குடுப்பானா? கேளுங்க!"

"அக்கா, இது ஊரு. சாமியாரெல்லாம் தின்னாச்சு, ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகல்ல."

அதுவும் உண்மைதான். அந்த மேசையில் தின்ற ஒருத்தருக்கும் அன்றைக்கும் ஒன்றும் ஆகவில்லை, மறுநாளும் ஒன்றும் ஆகவில்லை. கறி கெட்டிருந்ததா என்று யாராவது சத்தியம் செய்யச் சொன்னால் நான் செய்ய மாட்டேன். கெட்டுப்போகிற பாதையில் இருந்தது என்பதற்குச் செய்வேன்.

பங்குத்தந்தை எழுந்து வந்தார். இளம் வயது, கண்ணாடி போட்டவர். என் கையிலிருந்ததை வாங்கி, எண்ணைப் பார்த்தார். ஜெரால்டைப் பார்த்தார்.

"சேவியர் அண்ணே, வார்ப்பு எடுங்க. எல்லாத்தையும் ஊத்திக் கொதிக்க வைங்க. பிள்ளையளுக்கு அதுவர பழமும் பப்படமும் குடுங்க."

அண்ணன் இலைக்கட்டைக் கீழே போட்டான். அவன் அவ்வளவு வேகமாக நடந்து நான் பார்த்ததே இல்லை.

7

ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. வெயில், பசி, அழுகிற பிள்ளைகள். கூட்டத்தின் கோபம் முதலில் என்மேல்தான் வந்தது. "வெளிநாட்டுல கத்துக்கிட்டு வந்து நம்ம அசனத்துக்கே மார்க் போடுதா" என்று ஒருத்தி எனக்குக் கேட்கும்படியே சொன்னாள். சொல்லட்டும் என்று நின்றேன்.

அப்புறம் கோபம் மெல்லத் திசை மாறியது. பந்தலில் உட்கார்ந்திருந்த ஒரு மீன்பிடி வள்ளக்காரர் பிளெக்ஸை அண்ணாந்து பார்த்து, "ஏலே ஜெரால்டு, அஞ்சு போட்டிருக்கியே, அது அஞ்சு டிகிரியா?" என்று கேட்டார். பந்தல் முழுக்கச் சிரித்தது. பசித்த கூட்டத்துக்குச் சிரிக்க ஒன்று கிடைத்தால் விடாது. ஒருத்தன் எழுந்து பிளெக்ஸுக்கு முன்னால் நின்று படம் எடுத்தான். பின்னாலேயே பத்துப் பேர் எடுத்தார்கள்.

ஜெரால்டின் முகத்தைப் பார்த்தேன். பார்க்கத்தான் வந்திருந்தேன். கன்னம் இரண்டும் தொங்கிப்போயிருந்தன. சிரிப்பு எங்கேயும் இல்லை. அவன் என்னைத் திரும்பிப் பார்த்தபோது நான் கண்ணை எடுக்கவில்லை.

கறி கொதித்து இறங்கியது. அவனே முதல் வாளியைத் தூக்கிக்கொண்டு பந்திக்கு வந்தான். என் இலைக்கு முன்னால் நின்றான். விளம்பவில்லை. நின்றுகொண்டே இருந்தான்.

"பாருங்க அக்கா" என்றான்.

எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். விட்டிருக்கலாம். இலையைப் பார்த்துக் குனிந்து, 'வெளம்பு மக்கா' என்று மட்டும் சொல்லியிருக்கலாம். தெர்மாமீட்டரை எடுத்து அவன் தூக்கிப் பிடித்திருந்த வாளியில் குத்தினேன். எண் நிற்கிறவரைக்கும் அவசரப்படவில்லை. அவன் மறு கையையும் வாளிக்கு அடியில் கொடுத்தான். எண்பத்திரண்டு.

"சரி" என்றேன். "வெளம்பலாம்."

வயிறு நிறையத் தின்றேன். மறு சோறும் வாங்கினேன். ஊரில் ஒரு சாப்பாடு எனக்கு அப்படி இறங்கி வருஷங்கள் ஆகியிருந்தன.

கைகழுவ எழுந்தபோதுதான் சித்தியைப் பார்த்தேன். ஜெரால்டின் அம்மா. மகன் கொடுத்த அசனம் என்று புதுச் சேலை கட்டி, முன்வரிசையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். அவள் இலையில் சோறு வைத்திருந்தது, தொட்ட அடையாளம் இல்லை. எழுந்து, இலையை மடிக்காமல், பந்தலின் பக்கவாட்டு வழியாகத் தனியாக வீட்டுக்கு நடந்தாள். நான், "சித்தி" என்று கூப்பிட்டேன். அவள் காது நன்றாகக் கேட்கும்.

8

ஒரு வாரம் கழித்துத் திரும்பி வந்தோம். நான் சித்தி வீட்டுக்குப் போகவில்லை. நிஷா போனாள். என்னிடம் சொல்லாமல் போய்விட்டு வந்தாள். என்ன பேசினார்கள் என்று கேட்டதற்கு, "சும்மா" என்றாள். அவள் தமிழும் சித்தியின் தமிழும் எங்கே சந்தித்தன என்று எனக்குத் தெரியாது.

ஜெரால்டின் கடை நன்றாகத்தான் நடக்கிறது. ஐந்து இன்னும் கதவில் இருக்கிறது, அதை நான் ஒன்றும் செய்ய முடியாது. மீன் மொத்தக் கடையில் வாரம் ஒருமுறை நேருக்கு நேர் வருகிறோம். அவன் அயிலை எடுத்தால் நான் சாளை எடுக்கிறேன். பேச்சு இல்லை. ஊர்க் குழுவில் பிளெக்ஸ் படம் இன்றைக்கும் யாராவது ஒருத்தர் புதிதாகப் போடுகிறார்கள். வரும்போதெல்லாம் பெரிதாக்கிப் பார்க்கிறேன். அண்ணன் கடையில் இப்போது யாரும் ஒண்ணாம் நம்பர் என்று கேட்பதில்லையாம். அவன் மருமகன் வீட்டார் போன வாரம், அடுத்த விசேஷத்துக்குத் தங்கச்சி வருவாளா என்று விசாரித்தார்களாம். வரமாட்டாள் என்று சொல்லச் சொல்லியிருக்கிறேன்.

நேற்று நிஷா தன் பெட்டியின் அடியிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்துக்கொண்டு அடுப்படிக்கு வந்தாள். செய்தித்தாளில் சுற்றி, சணல் கட்டி, மேலே கோணல் எழுத்தில் 'நிஷாவுக்கு' என்று எழுதியிருந்தது. பிரித்தாள். சித்தி காயப்போட்ட சுறாக் கருவாடு. நான் ஊரிலிருந்து கிளம்பும்போதெல்லாம் சித்தி அதைக் கட்டித் தருவாள். இதுவரைக்கும் அதன்மேல் யார் பெயரும் எழுதியதில்லை.

"குடுக்கும்போது சித்தியாச்சி என்ன சொன்னாங்க?" என்று கேட்டேன்.

"உனக்குக் குடுக்கக் கூடாதுன்னு சொன்னாங்க அம்மா."

கோட்டில் வாடை ஒட்டும் என்கிற பிள்ளை, சன்னலைக்கூடத் திறக்காமல், எண்ணெய் ஊற்றி வறுத்தாள். ஓரம் கொஞ்சம் கரிந்துவிட்டது. தட்டில் சோறு போட்டுக்கொண்டு எனக்கு எதிரில் உட்கார்ந்து தின்றாள். பாதியில், ஒரு துண்டை எடுத்து என் தட்டில் வைக்க வந்தாள்.

"சின்னதுதான் அம்மா. அவங்களுக்கு எப்படித் தெரியும்?"

அந்த வாசனைக்கு என் நாக்கு ஊறியது. தட்டைக் கையால் மூடிக்கொண்டேன்.

"வேண்டாம் மக்கா" என்றேன். "அவ உன் பெயர எழுதிக் குடுத்திருக்கா. நீ தின்னு."

அவள் தின்று முடிக்கிறவரைக்கும் வெறும் சோற்றை வைத்துக்கொண்டு எதிரிலேயே உட்கார்ந்திருந்தேன்.